மவுஸில் பழுதில்லாதபோது மவுஸ் வாங்காதீர்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: கொம்பியூட்டர் சிலீப்புக்கு, அதாவது அணையாமல் தூங்கும் நிலைக்கு, போய் எழும்பினால் மவுஸ் அசைவதில்லை. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: பாடக் குறிப்பு தயாரிக்க ஒரு லெப்டொப்பும், டொங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறிய ரிசீவர்) போடும் வயர்லெஸ் மவுஸும் வைத்திருக்கிறேன். இடைவேளைக்கு மூடிவிட்டு வந்து திறந்தால் மவுஸ் வேலை செய்யாது. டச்பேட் வேலை செய்யும். டொங்கிளைக் கழற்றித் திரும்பப் போட்டால் மவுஸும் சரியாகிவிடும். கடையில் காட்டினேன். “மவுஸ் போய்விட்டது டீச்சர்” என்று புதிதாக ஒன்றை விற்றார்கள். அதுவும் அப்படியே. இப்போது மூன்றாவதை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
– ஆசிரியை, தலவாக்கலை

பதில்: எடுக்க வேண்டாம் டீச்சர். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கழற்றிப் போட்டதும் ஓடுகிறது என்றால் மவுஸும் நல்லது, டொங்கிளும் நல்லது. லெப்டொப் சிலீப்புக்குப் போகும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி போர்ட்டையும் அதில் இருப்பதையும் ஓய்வு நிலைக்குத் தள்ளுகிறது. திறக்கும்போது லெப்டொப் விழித்துக்கொள்கிறது, போர்ட் விழித்துக்கொள்வதில்லை. நீங்கள் கழற்றிப் போடும்போது புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று விண்டோஸ் அதைத் தேடிப் பிடிக்கிறது. அவ்வளவுதான்.

அந்த மவுஸை வேறொரு கொம்பியூட்டரில் செருகி, ஒரு தடவை சிலீப் செய்து எழுப்பிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் இரண்டாவது மவுஸை விற்றிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் டொங்கிளை வேறொரு போர்ட்டில் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு எக்ஸ், பிறகு கையை எடுத்துவிட்டு எம். டிவைஸ் மேனேஜர் திறக்கும். கீழே ‘யுனிவர்சல் சீரியல் பஸ் கொன்ட்ரோலர்ஸ்’ என்ற பிரிவுக்குள் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒவ்வொன்றையும் இரட்டைக் கிளிக் செய்து ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை நிறுத்திவைக்கக் கொம்பியூட்டருக்கு அனுமதி தருகிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் முதல் வரி இருக்கும். அதன் முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். மவுஸுக்கான பிரிவிலும் அதே வரி இருந்தால் அங்கும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கொன்ட்ரோல் பெனலில் ‘பவர் ஒப்ஷன்ஸ்’. அதன் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்று ஒன்று உண்டு. பெட்டரியில் ஓடும்போது ஒன்று, சார்ஜரில் இருக்கும்போது ஒன்று என்று அதற்கு இரண்டு வரிகள். இரண்டையும் டிசேபிள் செய்யுங்கள். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, வீட்டில் சரியாக இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் மட்டும் நிற்கிறது என்று திரும்ப எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெட்டரியில் ஓடுகிறது, காரணம் அதுதான்.

புதிய லெப்டொப்கள் சிலவற்றில் இந்த இரண்டு இடங்களுமே கண்ணில் படாது. அப்படியானால் லெப்டொப் தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தைப் போட்டு சிப்செட் டிரைவரையும் (மதர்போர்டை விண்டோஸ் சரியாக இயக்க உதவும் மென்பொருள்) பயோஸ் அப்டேட்டையும் (லெப்டொப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளின் புதிய பதிப்பு) எடுத்துப் போட வேண்டும். பயோஸ் அப்டேட்டை சார்ஜர் செருகிய நிலையில், பெட்டரியும் நிறைய இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். இடையில் அணைந்தால் லெப்டொப்பே எழும்பாமல் போகலாம். மழை பிடித்து கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது மவுஸைப் பெட்டியோடு கொண்டுபோய்த் திருப்பிக் கேளுங்கள். முதலாவது நல்ல மவுஸ் என்பதை அவர்களுடைய மேசையிலேயே, அவர்களுடைய கொம்பியூட்டரிலேயே காட்டுங்கள்.

கேள்வி: சிலீப்புக்குப் பிறகு நிற்காத மவுஸ் எந்த பிராண்ட்?
– உயர்தர மாணவன், பொகவந்தலாவை

பதில்: அப்படி ஒரு பிராண்ட் இல்லை தம்பி. பெரும்பாலும் சிக்கல் கொம்பியூட்டர் பக்கம். மேலே டீச்சருக்குச் சொன்னதைச் செய்.

கேள்வி: கொமினிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். மேசையில் வயர் கிடக்கக் கூடாது என்று புளூடூத் மவுஸ் வாங்கினேன். கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் கொம்பியூட்டர் சிலீப்புக்குப் போகிறது. எழுப்பினால் மவுஸ் உடனே வராது, சில நேரம் வரவே வராது. வாடிக்கையாளர் காத்து நிற்கிறார்.
– கடை உரிமையாளர், ஹப்புத்தளை

பதில்: டொங்கிள் மவுஸ் தன் டொங்கிளோடு மட்டும் பேசும். புளூடூத் மவுஸ் விண்டோஸின் புளூடூத் எழும்பி, இணைப்பைத் திரும்பப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதம் அதோடு பிறந்தது. வரவே வராத நாளுக்கு ஒரு வழி உண்டு. புளூடூத் பட்டியலில் இருந்து மவுஸை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் புளூடூத் எடெப்டருக்கும் அந்த ‘பவர் மேனேஜ்மென்ட்’ சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அண்ணன், ஆள் காத்து நிற்கும் கடைக்கு வயர் மவுஸ்தான் சரி. பெட்டரி இல்லை, இணைப்பு இல்லை, களவு போனாலும் பெரிய நட்டம் இல்லை. வயரை மேசை விளிம்பில் ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவிடலாம்.

கேள்வி: வயர்லெஸ் மவுஸ் காலையில் எழும்புவதே இல்லை. பெட்டரி மாற்றினால் சரியாகுமா? ரீசார்ஜ் செய்யும் பெட்டரி போடலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: முதலில் மவுஸை ஆட்டுவதை விட்டுவிட்டு ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். பெட்டரியை மிச்சப்படுத்த மவுஸும் தனியாகத் தூங்கும். அசைத்தால் எழும்பாத, கிளிக் செய்தால் மட்டும் எழும்பும் மவுஸ்கள் நிறைய. அடியில் உள்ள சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகும் எழும்பாவிட்டால் பெட்டரியை மாற்றலாம். உங்கள் ஊரில் ஜனவரியில் புல்லில் உறைபனி விழும். சாதாரண அல்கலைன் பெட்டரி குளிரில் சோர்ந்துபோகும். இரவு முழுக்க ஜன்னலோரம் கிடக்கும் மவுஸில் பாதி தீர்ந்த பெட்டரி இருந்தால் காலையில் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ரீசார்ஜ் பெட்டரி தாராளமாகப் போடலாம். அது 1.2 வோல்ட், சாதாரணமானது 1.5 வோல்ட். அதனால் சில மவுஸ்கள் பெட்டரி குறைவு என்று வழக்கத்தைவிட முன்னதாகவே காட்டும்.

பெட்டரி உள்ளேயே அடைத்து, கேபிள் செருகி சார்ஜ் செய்யும் மலிவு மவுஸை மட்டும் வாங்க வேண்டாம். நான் ஒன்று வாங்கினேன். சில மாதங்களில் சார்ஜ் நிற்கவில்லை. திறக்கவும் வழியில்லை, ஆணிகளை அடி ஸ்டிக்கருக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். கடையில் கேட்டபோது வொரண்டி மவுஸுக்குத்தான், பெட்டரிக்கு இல்லை என்றார்கள். வாங்கும்போது அதைச் சொல்லவும் இல்லை, எழுதித் தரவும் இல்லை. பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய மவுஸ் அந்த மவுஸைவிட எவ்வளவோ காலம் உழைக்கும்.

கேள்வி: முகநூலில் விளம்பரம் பார்த்து, சாமான் கைக்கு வந்ததும் காசு கொடுத்து ஒரு மவுஸ் எடுத்தேன். சிலீப்புக்குப் பிறகு நின்றுவிடுகிறது. வேறு கொம்பியூட்டரிலும் அப்படித்தான். பெட்டியை எறிந்துவிட்டேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் என்னை புளொக் செய்துவிட்டது. போன வருடமும் இன்னொரு பக்கத்தில் இப்படி ஏமாந்தேன். எங்கே முறையிடுவது?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: யார் மீது முறையிடப் போகிறீர்கள்? விற்றவரின் பெயர் தெரியாது, விலாசம் தெரியாது, மொடல் தெரியாது, திகதிக்கு ஆதாரம் இல்லை. போன வருடம் ஒரு தடவை பட்ட பிறகும் பில் கேட்கவில்லை என்கிறீர்கள். இந்த மவுஸுக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பார்சலில் ஒட்டியிருந்த அனுப்புநர் விபரம் எங்காவது கிடந்தால் மட்டும் எடுத்து வையுங்கள், அதிலிருந்து ஏதும் பிடிக்கலாம்.

பில்லைப் பற்றி எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம் மலையகத்து ஆட்கள் பில் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் முதலாளி தன்னை நம்பவில்லை என்று நினைப்பாரோ என்ற தயக்கம். தோட்டத்துக் கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் எடுத்த பழக்கம் டவுன் கடை வரைக்கும் கூடவே வருகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்பட ஒன்றுமில்லை.

பில் என்று எதையாவது வாங்கினால் போதாது. என்னிடம் வாசகர்கள் கொண்டுவந்து காட்டும் பில்களில் ‘கொம்பியூட்டர் சாமான்’ என்று ஒரு வரியும், கீழே ஒரு தொகையும், அதன் மேல் ஒரு கிறுக்கலும்தான் இருக்கும். அதை வைத்து எதை நிரூபிப்பது? கடையின் பெயர், விலாசம், திகதி, மொடல், சீரியல் இலக்கம், விலை, வொரண்டி எத்தனை மாதம், எதற்கெல்லாம் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். “வொரண்டி இருக்குது, ஒன்றும் பயப்பட வேண்டாம்” என்று வாயால் சொல்வது வொரண்டி ஆகாது. மெஷினில் அடித்து வரும் வழுவழுப்பான பில் நாளாக நாளாக வெளிறிப் போகும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். பெட்டியையும் வொரண்டி முடியும்வரை எறியாதீர்கள். லயன் அறையில் பெட்டி வைக்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். பெட்டியை மடித்துத் தட்டையாக்கி மெத்தைக்கு அடியில் வைத்தால் போதும்.

கேள்வி: பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானேன். அம்மா கொழுந்து பறிப்பவர். தோட்டை அடகு வைத்து லெப்டொப் வாங்கித் தந்தார். புத்தம் புதியது என்றுதான் விற்றார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. சிலீப்புக்குப் போய் எழும்பினால் யூஎஸ்பி போர்ட் எதுவுமே வேலை செய்வதில்லை. பெட்டரியும் ஒரு மணித்தியாலம் நிற்காது. கடையில் “மவுஸுக்கு வொரண்டி கிடையாது” என்று அனுப்பிவிட்டார்கள். பில் இருக்கிறது.
– மாணவி, கொட்டகலை

பதில்: மகள், இந்தக் கடிதத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீங்கள் கேட்டது லெப்டொப்பின் போர்ட்டைப் பற்றி. அவர்கள் மவுஸைப் பற்றிப் பதில் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

புதிய லெப்டொப்பின் பெட்டரி ஒரு மாதத்தில் இப்படி ஆகாது. அதை நிரூபிக்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கொமாண்ட் புரொம்ட் வழியாக ‘பெட்டரி ரிப்போர்ட்’ எடுக்கலாம், கல்லூரியில் ஐசிடி படிப்பிக்கும் ஒருவரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு அளவுகள் வரும். புதிய பெட்டரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிதான் என்றால் அது பழைய பெட்டரி. எத்தனை தடவை சார்ஜ் ஏறியது என்ற சைக்கிள் எண்ணிக்கையையும் பல லெப்டொப்கள் காட்டும். அடுத்ததாக, அடியில் உள்ள சீரியல் இலக்கத்தைத் தயாரித்த கம்பனியின் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். வொரண்டி எந்தத் திகதியில் தொடங்கியது என்று காட்டும் கம்பனிகள் உண்டு. அது உங்கள் பில்லுக்கு வருடக்கணக்கில் முந்தியதாக இருந்தால் அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுங்கள்.

இவற்றோடு கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு செய்யுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதனால் “அடுத்த கிழமை வாங்க” என்று கடை இழுத்தால் காத்திருக்க வேண்டாம். பழையதைப் புதியது என்று விற்பது மேலே சொன்ன நுகர்வோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கும் ஏமாற்று நடத்தை. வழி கேட்க அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். லெப்டொப்பை வேறெங்கும் திறக்கக் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் பழியை உங்கள் மேல் போட்டுவிடுவார்கள். கடிதம் எழுத உதவி தேவையென்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் டெஸ்க்டொப். சிலீப்பில் விட்டுப் போனால் திரும்பி வரும்போது வயர் மவுஸ், கீபோர்ட் இரண்டும் செத்துக் கிடக்கின்றன. சில நாள் செய்த வேலையே காணாமல் போகிறது.
– தோட்ட அலுவலக எழுதுவினைஞர், பண்டாரவளை

பதில்: இவை இரண்டு வேறு சிக்கல்கள். மவுஸும் கீபோர்டும் முன்பக்க போர்ட்டில் இருந்தால் பின்பக்கம், மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள். நடுவில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை ஷட் டவுன் செய்தாலும் கொம்பியூட்டர் முழுதாக அணைந்து தொடங்குவதில்லை, டிரைவர் சிக்கல்கள் அடுத்த நாளும் தொடரும்.

வேலை காணாமல் போவதற்குக் காரணம் கரண்ட். சிலீப்பில் உங்கள் வேலை ரெமில், அதாவது கரண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகத்தில், மட்டும் இருக்கிறது. ஒரு நொடி கரண்ட் போனால் போதும், டெஸ்க்டொப்பில் அது அழிந்துவிடும். எழும்பிப் போகும் முன் சேவ் செய்யுங்கள், சிலீப்புக்குப் பதில் ஹைபர்னேட் வையுங்கள். அது எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையே கழற்றுங்கள்.

கேள்வி: இரவில் கொம்பியூட்டர் தானாக எழும்பி வெளிச்சம் அடிக்கிறது. மவுஸ் வைத்த மேசையில் பூனை படுக்கிறது.
– வாசகி, பசறை

பதில்: டிவைஸ் மேனேஜரில் மவுஸுக்குக் கொம்பியூட்டரை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். கீபோர்டின் அனுமதி இருக்கட்டும், காலையில் அதைத் தட்டி எழுப்பலாம்.