மகள் என்னை ‘நீங்க’ என்று கூப்பிடுகிறாள்

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மூன்று வருஷமாக மாலத்தீவில், தெற்கே ஒரு சின்னத் தீவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தால் இருபது நிமிஷம், அவ்வளவுதான் தீவு. ஊரில் வாங்கியதைப் போல நாலு மடங்கு சம்பளம். வீடு கட்டுவதற்கு லோன் போட்டிருந்தோம், அதை அடைக்கத்தான் வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஊரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. என் அம்மாதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார்.

இங்கே பள்ளி கொடுத்த வீட்டில் நாங்கள் ஐந்து டீச்சர்கள். மூன்று அறை, ஒரு கிச்சன், ஒரு பாத்ரூம். என் அறையில் கேரளா டீச்சர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷி. ஆனால் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். அறைகளுக்கு நடுவில் பலகைத் தடுப்புதான், இருமினால்கூட அடுத்த அறைக்குக் கேட்கும். அதனால் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேசுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் பேச்சு அதோடு முடிந்தது.

போன லீவுக்கு ஊருக்குப் போனபோது மகள் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். மூன்றாவது நாள் ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்தேன். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, நீங்க எப்போ போவீங்க?” என்று கேட்டாள். முன்பெல்லாம் என்னை ‘நீ’ என்றுதான் சொல்வாள். மறுநாள் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், “பிள்ளைக்கு என்ன மரியாதை பாத்தியா!” என்று மெச்சினார்கள். நான் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லடிக்குப் போய் அழுதேன்.

இப்போது அடுத்த இரண்டு வருஷத்துக்கான காண்டிராக்ட் பேப்பர் கையில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். “இன்னும் ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு” என்கிறார் வீட்டுக்காரர். “போதும், வந்திரு மக்களே” என்கிறார் அம்மா. இங்கே ஒரு தனி வீடு எடுத்து மகளைக் கூட்டி வந்துவிடு என்கிறார் கூட வேலை பார்ப்பவர். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுகிறது. என் வகுப்பில் 24 பிள்ளைகள். காலையில் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

— பெயர் வேண்டாம், மாலத்தீவு


அன்புள்ள சகோதரி,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது ‘நீங்க’ என்ற அந்தச் சொல். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எனக்கு மனதில் நின்றது அந்த வாளி. மூன்று வருஷமாக உங்கள் மகள் பார்த்துவரும் அம்மா எப்படி இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் ஒரு டைல்ஸ் சுவர். ரகசியம் சொல்வது போலத் தணிந்த குரல். சாப்பிட்டியா, ஹோம்ஒர்க் முடிச்சியா, ஆச்சி சொல்றதைக் கேக்குறியா என்று மூன்று கேள்வி. அப்புறம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அம்மா மறைந்துவிடுகிறார். நீங்கள் எந்த ஊரில், எந்தக் கட்டிலில், எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் படுக்கிறீர்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. நினைத்துக்கொள்ள ஓர் இடம் இல்லாதபோது, ஏழு வயதுப் பிள்ளை அம்மாவை எங்கே வைத்து நினைப்பாள்?

‘நீங்க’ பற்றி. உங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் ‘நீ’ என்பது தினமும் சோறு ஊட்டுகிறவர்களை, தலை பின்னிவிடுகிறவர்களை. வந்து போகிறவர்களுக்குத்தான் ‘நீங்க’. அவள் உங்களை வெறுத்து அப்படிச் சொல்லவில்லை. எப்போது போவீர்கள் என்று கேட்டது, அதற்குள் எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். ஒவ்வொரு லீவு முடிவிலும் உங்களை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை அவள். இந்த முறை அந்த வலியைக் கொஞ்சம் முன்கூட்டியே தள்ளி வைக்கப் பார்த்திருக்கிறாள்.

1950களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெற்றோரைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னக் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். முதலில் அழுகை, பிறகு சோர்வு, கடைசியில் அம்மா வந்து நின்றாலும் கண்டுகொள்ளாதது போல ஒரு விலகல். அந்தக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் சொந்தமென்று யாரும் இல்லை. உங்கள் மகளுக்கு ஆச்சி இருக்கிறார், அப்பா இருக்கிறார். அதனால் அவள் மனம் உடைந்துபோன பிள்ளை அல்ல, எச்சரிக்கையாக இருக்கிற பிள்ளை. ‘நீ’ன்னு சொல்லு என்று திருத்தாதீர்கள். உறவுக்காரர்கள் மெச்சுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி வீட்டுப் பிரச்சினை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தனி அறை அல்லது தனியாக அறை எடுக்க வாடகைப் படி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், காண்டிராக்டிலேயே அது இருக்க வேண்டும். சின்னத் தீவுப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் லேசில் கிடைக்கமாட்டார். உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருப்பது இந்த ஒரு மாதம்தான். இதைச் சொகுசு என்று நினைத்து மூன்று வருஷம் கேட்காமலே இருந்திருக்கிறீர்கள். பிள்ளையோடு கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை என்பது குடும்பத்துக்கான அடிப்படைத் தேவை.

மகளை அங்கேயே கூட்டிக்கொள்ளும் யோசனைக்கு என் மனம் உடனே சம்மதிக்கவில்லை. பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் விளையாடும் இடத்தில் பிள்ளைகள் பேசுவது அந்த நாட்டு மொழியான திவேகி. நீங்கள் வேலை முடிந்து வரும்வரை அவளை யார் பார்ப்பது? உங்களைப் பெறுவதற்காக அவள் அப்பாவையும் ஆச்சியையும் ஒரே நாளில் விட வேண்டியிருக்கும். குடும்ப விசாவுக்கு நிபந்தனைகளும் உண்டு, அவற்றைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வருகிற மே லீவில் அப்பாவும் மகளும் அங்கே வரட்டும். இந்தியர்களுக்கு மாலேயில் இறங்கியதும் சுற்றுலா விசா கொடுத்துவிடுகிறார்கள், அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள். மாலேயிலிருந்து உங்கள் தீவுக்கு வரும் செலவுதான் பெரிது. அந்தச் செலவைச் செய்யுங்கள். உங்கள் வகுப்பறையை, கட்டிலை, மழைத்தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியை அவள் பார்க்கட்டும். ஆச்சி அரைக்கிற சம்பலில் போடும் மாசிக் கருவாட்டை இந்தத் தீவுகளிலும் செய்கிறார்கள் என்று நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

லோன் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு ஒருமுறை பேப்பரும் பேனாவுமாக உட்கார வேண்டும். ‘நாலு மடங்கு சம்பளம்’ என்ற கணக்கை விட்டுவிடுங்கள். சம்பளம் மாலத்தீவுப் பணமான ரூஃபியாவில் வருகிறது. அதிகாரப்பூர்வ விலைக்கு ஒரு டாலர் 15.42 ரூஃபியா. அந்த விலைக்கு வேண்டிய டாலர் கிடைப்பதில்லை, வெளியே வாங்கினால் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன 12 மாதத்தில் ஊர் பேங்க் கணக்கில் உண்மையில் விழுந்தது எவ்வளவு, லோனில் அசல் எவ்வளவு குறைந்தது என்று இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் மாதத்தை இருவரும் சேர்ந்து குறியுங்கள். ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்பதை அவர் சொல்வது இது எத்தனையாவது முறை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷக் காண்டிராக்ட் கேட்டுப் பாருங்கள். குறித்த மாதத்தை மகளுக்குக் காலண்டரில் காட்டுங்கள், அதன்பிறகு மாற்றாதீர்கள்.

தூக்கம் இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் தீவு ஹெல்த் சென்டரில் டாக்டரைப் பாருங்கள். ஊருக்கு வரும்போது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் அம்மாவுக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள், இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் யாரும் எப்படி இருக்கீங்க என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அறை கிடைக்கும்வரை ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு லீவு வெள்ளி, சனி. மகளுக்கு வெள்ளிக்கிழமை பள்ளி உண்டு. அங்கே காலை ஏழு மணி என்றால் ஊரில் ஏழரை, ஆச்சி அவளுக்குத் தலை பின்னுகிற நேரம். வெள்ளிக்கிழமை காலை அந்த நேரத்தில் பாத்ரூமை விட்டு வெளியே வந்து படகுத்துறைக்கு நடந்து போங்கள். கயிறு பின்னிய நாற்காலி ஒன்று கிடக்கும், உட்கார்ந்து போனைத் தண்ணீர் பக்கம் திருப்புங்கள். திருக்கை மீன் வந்தால் காட்டுங்கள். ஹோம்ஒர்க் பற்றிக் கேட்காதீர்கள். இன்றைக்கு எந்த ரிப்பன் என்று அவள் உங்களிடம் கேட்கட்டும், நீங்கள் நிறத்தைச் சொல்லுங்கள், ஆச்சி அதையே கட்டிவிடட்டும்.