"இங்கே யாரும் இல்லை" என்று ஸ்டேஷனில் சொன்னால்? – காவல், சிறை குறித்த கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வழக்கு நடக்கும்போது பெயர் வெளியே வருவது நல்லதல்ல.

வியாசர்பாடி: ராத்திரி பதினொரு மணிக்கு மஃப்டியில் நாலு பேர் வந்து என் தம்பியை வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "இங்கே யாரும் இல்லை" என்கிறார்கள். விடியும்வரை பொறுத்திருப்பதா?

பொறுக்க வேண்டாம், அம்மா. வீட்டிலிருந்து தூக்கிய நேரத்துக்கும் கைதுக் குறிப்பில் எழுதப்படும் நேரத்துக்கும் நடுவில்தான் பெரும்பாலும் அடி விழுகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

உடனே 100-க்குப் போன் செய்யுங்கள், அழைப்பு பதிவாகும். பிறகு கமிஷனர் அலுவலகத்துக்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்கும் இமெயில் அனுப்புங்கள். முன்பு வக்கீல்கள் இதற்காகவே தந்தி கொடுக்கச் சொல்வார்கள்; 2013-ல் தந்தி நின்றுபோன பிறகு அந்த வேலையை இமெயில் செய்கிறது. எத்தனை மணி, எத்தனை பேர், வண்டி எண், தம்பி என்ன சட்டை போட்டிருந்தான் என்று எழுதிவிட்டு, கடைசியில் "உடம்பில் எந்தக் காயமும் இல்லாமல்தான் போனான்" என்ற வரியை மறக்காமல் சேருங்கள். நாளைக்குக் காயத்தோடு அவன் வந்து நின்றால், அது எங்கிருந்து வந்தது என்று போலீஸ்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காலைவரை தகவல் இல்லையென்றால் ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். மனு எண் விழுந்த செய்தி போனதுமே பையனை ரிமாண்டுக்குக் கொண்டுவந்து விடுவதுண்டு. மனு அதோடு முடிந்துபோகலாம். ஆனாலும் ஆள் உயிரோடு கண்ணில் பட்டுவிட்டான், அது போதும்.

கொடுங்கையூர்: என் கணவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதி வாங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். இந்த மாவுக்கட்டுப் படங்களைப் பேப்பரில் பார்த்துச் சிரித்துப் பழகிவிட்டோம். எனக்கு அது பொறுக்கவே இல்லை. வாக்குமூலத்துக்காக ஒருவரைக் காயப்படுத்துவது ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவின்படி ஏழு ஆண்டுவரை தண்டனைக்குரிய குற்றம். கை முறிந்திருந்தால் பத்து ஆண்டுவரை போகும்.

முதலில் ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை வாங்குங்கள். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் காயம்பட்டவர் என்ன சொன்னார் என்று டாக்டர் எழுத ஓர் இடம் உண்டு. பக்கத்தில் போலீஸ்காரர் நின்றிருந்தால் அங்கே "கீழே விழுந்தார்" என்றுதான் இருக்கும். அதனால் மனம் தளராதீர்கள். அதற்குக் கீழே காயத்தின் அளவும் இடமும் இருக்கும். வழுக்கி விழுந்தவருக்கு இரண்டு உள்ளங்காலிலும் முதுகிலும் கன்றிப்போன கோடுகள் எப்படி வந்தன? அந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கலாம். கைதானவரைப் பரிசோதித்த மருத்துவ அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்பதும் சட்டம். சிறையில் சேர்க்கும்போது அங்குள்ள டாக்டர் எழுதியதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து சிசிடிவி. காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அதே ஆண்டு ஜூனில், போலீஸ் அடியில் தந்தையும் மகனும் இறந்துபோன சாத்தான்குளத்தில், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி கருவியை வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்தான் கண்டுபிடித்தார். தேதியும் நேரமும் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பாதுகாக்க உத்தரவிடும்படி இந்த வாரமே மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு கொடுங்கள்.

ரிமாண்டுக்கு வரும் யாருக்கும் ஒன்று சொல்வேன். "அடித்தார்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள். சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள்.

தாம்பரம்: மனித உரிமைகள் ஆணையத்துக்குப் போவதால் பயன் உண்டா?

உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் தீர்ப்பளித்தது. ஆனால் ஆணையம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. கிரிமினல் வழக்கைத் தனியாக நடத்தத்தான் வேண்டும்.

திருவொற்றியூர்: செல்போன் பறிப்பு வழக்கில் என் மகன் 13 மாதமாகப் புழலில் இருக்கிறான். முதல் வழக்கு. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இரண்டு பேர் கிடைக்கவில்லை. வாராவாரம் மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மா, உங்கள் மகன் இப்போதே வெளியே இருக்க வேண்டியவன். பறிப்புக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 479-வது பிரிவு. சொந்தப் பிணை என்றால் ஜாமீன்தாரரே வேண்டாம். கோர்ட்டுக்கு இதை எழுதி அனுப்புவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வேறு வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் விஷயத்தில் யாரோ அதைச் செய்யவில்லை. சட்ட உதவிக்கான 15100-க்குப் போன் செய்யுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

வேளச்சேரி, ஓய்வுபெற்ற எஸ்.ஐ.: குற்றவாளிக்கு மட்டும்தான் மனித உரிமையா? நாலு தட்டு தட்டாமல் எந்தக் கேஸ் துப்புத் துலங்கும்?

ஐயா, ஓய்வில்லாமல் டூட்டி பார்க்கும் காவலருக்கும் உரிமை உண்டு. அவர்களுக்காகவும் நான் வழக்கு நடத்துவேன். ஆனால் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது 1872-லிருந்து இருக்கும் சட்டம். அடித்து வாங்கியது கோர்ட்டில் நிற்காது, உண்மையான திருடன் தப்பித்துவிடுவான். சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்ட்ரேட்டிடம் எடுத்துச் சொன்னதும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். உங்கள் துறையில் நான் கையெடுத்துக் கும்பிடுவது அவரைப் போன்றவர்களை.

கோயம்பேடு, சட்ட மாணவி: அமெரிக்காவில் சிவில் ரைட்ஸ் அட்டர்னி என்று தனித் தொழிலே இருக்கிறதாம். இங்கே இந்த வேலையில் பிழைக்க முடியுமா?

அங்கே 1871-ல் வந்த ஒரு சட்டம், 1983-வது பிரிவு என்பார்கள், உரிமையை மீறிய அதிகாரிமேல் நேரடியாக நஷ்டஈட்டு வழக்குப் போட வழிசெய்கிறது. ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் வாங்கலாம். இங்கே அப்படி இல்லை. இழப்பீட்டில் வக்கீல் பங்கு கேட்கவும் கூடாது. ரிட் மனுவில் இழப்பீடு வாங்கும் வழியை 1993-ல், காவலில் மகனை இழந்த ஒரு தாய் தொடுத்த நீலாபதி பெஹரா வழக்கு உறுதிசெய்தது. ஆனால் பணம் வர வருஷக்கணக்கில் ஆகும், அதுவும் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும்.

அதனால் முதலில் சாதாரண கிரிமினல் வழக்குகளை நடத்தும் நல்ல சீனியரிடம் சேருங்கள். சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னது; கூச்சப்படாமல் கேளுங்கள். சாயங்காலங்களில் எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ ரிமாண்ட் நடக்கும்போது போய் நில்லுங்கள். ஏ.ஆர். காப்பி படிக்கவும் கைதுக் குறிப்பில் நேரம் திருத்தியிருப்பதைக் கண்டுபிடிக்கவும் அங்கேதான் கற்றுக்கொள்ள முடியும். படிப்பு முடிந்ததும் எழுதுங்கள், யாரிடம் சேரலாம் என்று சொல்கிறேன்.