பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா சிறு வயதிலேயே ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கிக்கு, அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைக்கு, பெட்டியடிப் பையனாக, எடுபிடி வேலைக்குப் போனவர். "டெல்லி பாதுஷா ரங்கூன்லதான் அடக்கமாகியிருக்கார், பக்கத்துலயே பேகமும் இருக்கா" என்று சொல்வார். பர்மா ராணி கொஞ்ச காலம் நம் மதராசில் இருந்தார் என்றும் சொல்வார். உண்மையா, கதையா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டும் உண்மை அம்மா. தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பாதுஷா என்பவர் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர். 1857 கலகம் அடங்கிய பிறகு, 1858 அக்டோபரில் அவரை மாட்டு வண்டியில் ஏற்றி டெல்லியைவிட்டு அனுப்பினார்கள். பேகம் ஜீனத் மகல் கூடவே போனார். டெல்லி லால் குவானில் சொந்தமாக மாளிகை வைத்திருந்த பெண்மணி அவர். ரங்கூனில் மொத்தக் குடும்பத்துக்கும் கிடைத்தது நான்கு அறை உள்ள ஒரு மர வீடு.

1862 நவம்பர் 7-ம் தேதி மன்னர் இறந்தார். அன்றைக்கே காவல் கொட்டடிக்குப் பின்னால் புதைத்து, மேலே புல் பதித்து, கொஞ்ச தூரம் தள்ளிச் சுற்றிலும் மூங்கில் வேலி போட்டார்கள். மூங்கில் இற்றுப்போவதற்குள் புல் நன்றாக மூடிவிடும், எங்கே புதைத்தோம் என்ற தடயமே இருக்காது என்று பொறுப்பில் இருந்த ஆங்கில அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வேலியைப் பார்த்துக்கொண்டே பேகம் இன்னும் 24 வருஷம் அதே ஊரில் இருந்தாரே! 1886 ஜூலையில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவரையும் பக்கத்திலேயே புதைத்தார்கள். அந்த இடமும் தெரியாமல் போயிற்று. ரங்கூன் முஸ்லிம்கள் விடாமல் கேட்டதால் 1907-ல் ஒரு கல் நட்டார்கள். அதிலும் "இந்த இடத்துக்கு அருகில்" என்றுதான் வெட்டியிருந்தது.

நான் அங்கே போனபோது அது தர்காவாக இருந்தது. மேல் கூடத்தில் மன்னர், பேகம், பேத்தி என்று மூன்று கல்லறைகள், பட்டுத் துணி போர்த்தி. படி இறங்கிக் கீழே போனால் இன்னொரு கல்லறை. 1991 பிப்ரவரியில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது செங்கல் கட்டிய குழி தென்பட்டு, மன்னர் அங்கேதான் இருக்கிறார் என்று கண்டுபிடித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நேராகக் கீழே இறங்கிவிட்டார்கள். மேலே ஒரு பர்மியப் பெண் மட்டும், பேகத்தின் பட்டுத் துணியில் விழுந்திருந்த மடிப்பை உள்ளங்கையால் நீவி நேராக்கிவிட்டு, ரோஜா இதழ்களை நடுவே கூட்டி வைத்துக்கொண்டிருந்தார். என் பாட்டி ரங்கூனில் பிறந்து, 1942-ல் குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது அவரும் இப்படித்தான் உதிரிகளைக் கூட்டி வைப்பார். அந்தப் பெண்ணோடு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, பர்மா ராணிக்கு வருவோம். பெயர் சுபயாலட், மன்னர் தீபோவின் பட்டத்து ராணி. ஆங்கிலேயர்கள் பர்மாவைப் பிடித்ததும், 1885 நவம்பர் 29-ம் தேதி தலைநகர் மண்டலேயின் அரண்மனையிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றினார்கள். ரங்கூன் வழியாகக் கப்பலில் வந்து இறங்கியது மதராசில். அப்போது ராணி கர்ப்பிணி. மூன்றாவது இளவரசி 1886 மார்ச்சில் மதராசில்தான் பிறந்தார். ஏப்ரலில் எல்லோரையும் மேற்குக் கரையில் உள்ள ரத்னகிரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜூலையில் ரங்கூனில் ஜீனத் மகல் இறக்கிறார். டெல்லி ராணிக்கு பர்மா, பர்மா ராணிக்கு இந்தியா. இரண்டையும் தீர்மானித்தது ஒரே அரசாங்கம்.

ரத்னகிரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தீபோவின் இளைய ராணி சுபயாகலே, சுபயாலட்டின் கூடப்பிறந்த தங்கை. அவர் 1912-ல் இறந்தார், மன்னர் 1916 டிசம்பரில் இறந்தார். உடல்களை மண்டலேக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சுபயாலட் பிடிவாதமாக நின்றார். அரசாங்கம் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1919-ல் இருவரையும் ரத்னகிரியிலேயே அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணியை பர்மாவுக்கு அனுப்பினார்கள். அதுவும் ரங்கூன் வரைக்கும்தான், மண்டலேக்கு இல்லை. 1925 நவம்பரில் அவர் இறந்தபோது அரசாங்கம் விடுமுறை விட்டது, கவர்னரே வந்தார், எட்டு வெண்குடைகளின் கீழ் உடலை வைத்து ராஜ மரியாதை எல்லாம் நடந்தது. மண்டலேயில் அடக்கம் செய்கிறோம் என்று குடும்பம் கேட்டதை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு கிழவியின் உடல் ஊருக்குள் வந்தால் என்ன ஆகிவிடும் என்று பயந்தார்களோ! இன்றைக்கும் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சமாதியில் இருக்கிறார். மண்டலே அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல்.

மூத்த இளவரசியையும் சொல்லாமல் விட மனமில்லை. ரத்னகிரியில் அரண்மனைக் காவல்காரர் ஒருவரை விரும்பியவர். 1919-ல் பர்மா போனவர், திரும்ப ரத்னகிரிக்கே வந்து 1947-ல் அங்கேயே கண்மூடினார். அவருடைய மகள் மராத்தி பேசும் பெண்ணாகவே வாழ்ந்தார்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் கண்டி ராஜாவின் சமாதி இருக்கிறது. அவருடைய ராணிகளையும் நீங்கள் சொல்லும் நாடு கடத்தப்பட்ட ராணிகள் கணக்கில் சேர்க்கலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: சேர்க்கலாம், ஆனால் இது வேறு மாதிரி. கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்கள் மதுரைப் பக்கத்து உறவில்தான் பெண் எடுத்தார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே பிறப்பில் கண்ணுசாமி என்ற பெயர் கொண்டவர். கடல் தாண்டிப் புகுந்த வீடு போன பெண்கள், 1815-ல் கண்டி விழுந்த பிறகு, 1816-ல் கைதிகளாக வேலூர் கோட்டைக்கு வந்தார்கள். மன்னர் இறந்தது 1832 ஜனவரி 30-ல். பிறந்த மண் பக்கம் வந்தும் பிறந்த வீடு போக முடியாத நிலை அவர்களுடையது. முத்து மண்டபத்துக்கு நீங்கள் போகும்போது ராஜாவோடு நின்றுவிடாமல் அவர் குடும்பத்தாரின் கல்லறைகளையும் ஒரு தடவை சுற்றி வாருங்கள்.

கேள்வி: அப்படி நாடு கடத்தப்பட்ட ராணிகளில், இறந்த பிறகாவது ஊர் வந்து சேர்ந்தவர் உண்டா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஒருவர் வந்தார், 61 வருஷம் கழித்து. பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கின் ராணி ஜிந்த் கௌர். ஆங்கிலேயர்கள் அவரை மகன் துலீப் சிங்கிடமிருந்து பிரித்து, சுனார் கோட்டையில் அடைத்தார்கள். 1849-ல் வேலைக்காரி வேஷத்தில் தப்பி நேபாளம் போனார். மகனை மறுபடி பார்த்தது 1861-ல், கல்கத்தாவில். அவனோடு லண்டன் போய், 1863 ஆகஸ்ட் 1-ல் அங்கேயே இறந்தார்.

லாகூரில் தகனம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. இங்கிலாந்தில் அப்போது தகனத்துக்கு வழியில்லை. உடல் மாதக்கணக்கில் கென்சல் கிரீன் இடுகாட்டில் காத்திருந்தது. 1864-ல் மகன் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பஞ்சாபுக்குள் விடமாட்டோம் என்றார்கள். பம்பாய் மாகாணத்திலேயே தகனம் முடிந்தது, கோதாவரிக் கரையில் பஞ்சவடியில் சின்னதாக ஒரு நினைவிடம் எழும்பியது. 1924-ல் பேத்தி பம்பா அந்த அஸ்தியை எடுத்துப்போய் லாகூரில் ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தார்.

இந்த பம்பா லண்டனில் பிறந்தவர், பாட்டியை அவர் பார்த்ததே கிடையாது. பிற்காலத்தில் லாகூரிலேயே தங்கிவிட்டார். பிரிவினைக்குப் பிறகும் அசையவில்லை. 1957 மார்ச்சில் இறந்தபோது கிறிஸ்தவ முறைப்படி ஜெயில் ரோடு இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ரஞ்சித் சிங்கின் பேத்தியை வழியனுப்ப அந்த ஊரில் அன்று சீக்கியர் இல்லை. பிரிட்டிஷ் தூதரக அதிகாரிதான் ஏற்பாடுகளைக் கவனித்தார்.