கையில் கிரீஸ், கண்ணில் மை

போன வாரம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா தேயிலை ஃபேக்டரிக்கு இலை லாரி ஓட்டுகிறார், அம்மா இலை பறிக்கப் போகிறார். கூடவே கோயம்புத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவும் வந்திருந்தார். பெரும்பாலும் அவர்தான் பேசினார். பிளஸ் டூ முடித்த பெண் ஓரத்து நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவளுடைய மாமா ஃபேக்டரியில் ஃபிட்டர். லீவு விட்டால் இவள் அவர் பின்னால் போய்விடுவாள். தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்தின் ரோலரில் பல் மழுங்கினால் கழற்றி, பணிமனையில் மறுபடி பல் வெட்ட வேண்டும் அல்லவா, அந்த வேலையில் கூடமாட நிற்பாள். சமீபத்தில் ஒரு காதுகுத்து வீட்டுக்கு நகத்தில் கிரீஸோடு போயிருக்கிறாள். சொந்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "பொம்பளைப் புள்ள கையா இது? நாளைக்கு யார் கட்டுவாங்க?" என்று ஆளாளுக்குப் பேச, பெரியப்பா முடிவே எடுத்துவிட்டார். கோவையில் ஒரு தனியார் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீடு, கம்ப்யூட்டர் சயின்ஸ். விடுதியோடு நான்கு ஆண்டுக்கு 9 லட்சம் ஆகும் என்றார்களாம். "ஏ.சி. ரூம்ல, கழுத்துல ஐ.டி. கார்டு போட்டு, நாலு பேர் பார்க்க நீட்டா இருக்கணும் மேடம்" என்றார்.

கொஞ்ச நேரம் நானும் ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா தயங்கித் தயங்கி, "40 சென்ட் தேயிலை இருக்கு, பத்திரத்தை வெச்சுடலாம்னு..." என்றதும் நிறுத்திக்கொண்டேன். அன்று அவர்களிடம் சொன்னதை, இதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

பெரியப்பா சொன்ன காரணத்தில் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பெண் எப்படித் தெரிவாள் என்பது மட்டும்தான் இருந்தது. பொறியியலில் பெண்ணின் தோற்றத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் திரும்பத் திரும்பத் தப்பாகவே போட்டிருக்கிறார்கள். 2014இல் மங்கள்யான் செவ்வாயை எட்டிய நாளில், பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகப் பெண்கள் மகிழ்ந்து சிரிக்கும் படம் ஒன்று ஊரெல்லாம் பரவியது நினைவிருக்கும். விஞ்ஞானிகள் என்று எல்லோரும் கொண்டாடினோம். அவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு தெளிவுபடுத்தியது. அந்தத் திட்டத்தில் உழைத்த ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்ற பெண்கள் அந்தப் படத்துக்கு வெளியே இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஐசிஸ் வெங்கர் என்ற பொறியாளரின் படத்தை அவருடைய நிறுவனமே ஆள் எடுக்கும் விளம்பரத்தில் போட்டது. பார்த்தவர்களில் சிலர், இவ்வளவு அழகான பெண் பொறியாளராக இருக்க முடியாது என்றார்கள். சீனாவின் ஷென்ஜெனில் நவோமி வூ என்ற பெண், முப்பரிமாண அச்சு இயந்திரம், சர்க்யூட் என்று தானே பொருள்கள் செய்து வீடியோ போட்டு வந்தவர். கவர்ச்சியாக உடுத்துவார். 2017இல் 'மேக்' இதழை நிறுவிய டேல் டோஹர்ட்டியே இவர் நிஜ ஆள்தானா என்று பொதுவெளியில் சந்தேகப்பட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஆண்டு அந்த இதழின் அட்டையிலேயே நவோமியின் படம் வந்தது. ஆனாலும் யோசியுங்கள், தான் செய்த வேலையைத் தான்தான் செய்தேன் என்று அந்தப் பெண் நிரூபிக்க வேண்டியிருந்தது. அலங்கரித்துக்கொண்டால் பொறியாளர் இல்லை, கிரீஸ் பட்டால் பெண் இல்லை என்றால், எந்தக் கோலத்தில் நின்றாலும் உங்கள் மகளுக்குத் திட்டு உண்டு. அந்தத் திட்டுக்குப் பயந்து 40 சென்ட்டை அடகு வைக்காதீர்கள்.

பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "எனக்கு மையும் வேணும் மேடம், லேத்தும் வேணும்" என்றாள். லேத் என்றால் இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம். எவ்வளவு தெளிவான பதில்!

சரி, வழிக்கு வருகிறேன். அறிவியல் பிரிவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்து பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ இரண்டே ஆண்டில் கையில். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் கதவு மூடிவிட்டதாகவே இங்கே பலர் நினைக்கிறார்கள். ஊட்டியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பெண்களோடு படித்தால்தான் நிம்மதி என்றால் கோவையில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. இந்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை நேரில் போய்க் கேளுங்கள். இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது மெக்கானிக்கல்.

அங்கே என்ன செய்வாள் என்று அம்மா கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி அது, நல்ல கேள்வி. லேத்தில் இரும்புத் தண்டைப் பிடித்து அதன் முனையைத் தட்டையாகச் சீவுவாள், மரை வெட்டுவாள். மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளப்பாள். வெல்டிங் வைப்பாள். ஒரு பாகத்தை மூன்று பக்கமிருந்து பார்த்து வரையவும், அதையே கம்ப்யூட்டரில் வரையவும் பழகுவாள். ஹைட்ராலிக்ஸ் ஆய்வகத்தில் பெல்டன் சக்கரம் என்று ஒன்று இருக்கும். குழாயிலிருந்து பீய்ச்சும் நீர், கிண்ணம் கிண்ணமாக அமைந்த சக்கரத்தில் அறைந்து அதைச் சுற்றவைக்கும். 1932இல் நம் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் அந்த வகைச் சக்கரத்தில்தான். சி.டி.சி.யில் ஒரு ரோலர் மெதுவாகவும் எதிர் ரோலர் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாகவும் ஏன் சுற்றுகின்றன என்பதை மாமா கைப்பழக்கத்தில் அறிவார். இவள் கணக்காகவும் அறிவாள்.

முடித்தபின் ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர், இஸ்ரோவில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், மின்வாரியம் என்று டிப்ளமோவுக்கென்றே தேர்வுகள் உண்டு. நம் மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சினையே திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தார்கள், அப்படிப்பட்ட இடங்களுக்கும் இந்தப் படிப்பு கொண்டுபோகும். பி.இ. ஆசை இருந்தால் அப்போதும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொத்தம் ஐந்து ஆண்டு ஆகும், ஒரு ஆண்டு கூடுதல்தான். நடுவில் எங்கே நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

செலவு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். மத்திய அரசின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களும் விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, தகுதி வரிசைப்படிதான் தருவார்கள். அதனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள், கிடைத்தால் நல்லது. பெரியப்பாவுக்கும் ஒன்று சொன்னேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று அடம்பிடித்தாலும் கவுன்சலிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் 9 லட்சம் கொட்டுவது அந்த உரிமையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடனை வாங்கிக்கொள்வது.

அப்புறம், உடை. பணிமனைக்கு என்று விதிகள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. லேத் முன்னால் துப்பட்டா கூடாது, வளையல், மோதிரம் கூடாது, பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் விட வேண்டும். கையுறைகூடப் போடக் கூடாது, சுற்றும் தண்டு அதைப் பிடித்துக் கையோடு இழுத்துவிடும். இது உயிர் விஷயம். கண்ணில் மை இருக்கிறதா என்று லேத் பார்க்காது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கும் வேலையை இறுக்கமான உடை அணிந்த, பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம் என்று எழுதிவைத்தது. இறுக்கமான உடை, பயிற்சி, இரண்டும் நியாயம். ஆண் என்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கல்யாணப் பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1919இல் சென்னையில் பிறந்த லலிதா 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். அவருடைய சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் எழுதிக் கொடுத்தார்கள். பிற்பாடு பக்ரா நங்கல் அணைத் திட்டத்தில் வேலை செய்தார். அந்தக் காலத்து ஊர்வாயை நினைத்துப் பாருங்கள். அதையே தாங்கி அவருடைய அப்பா மகளைப் படிக்க அனுப்பினார்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போய் வாருங்கள். பெரியப்பாவையும் கூட்டிப் போங்கள், பணிமனையை அவரும் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். எந்தப் பிரிவு என்பதை விண்ணப்பத்தில் மகளே தன் கையால் எழுதட்டும். நிலத்துப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.