முகப்பில் என்ன வைப்பது?

ஐயா வணக்கம்,

கிளிநொச்சியில் படவரைஞராக வேலை செய்கிறேன். கட்டடக்கலையும் படித்து வருகிறேன். வன்னியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று மாடி நிர்வாகக் கட்டடம் வரையும்படி பயிற்சி தந்திருக்கிறார்கள். முகப்பில் கண்ணாடி போட்டால் கொழும்பு வங்கி மாதிரி இருக்கிறது. கோபுரம் வைத்தால் கலியாண மண்டபம் மாதிரி இருக்கிறது. எங்கள் அடையாளம் தெரிகிற மாதிரி முகப்பில் என்ன வைக்கலாம்? வரைபடத்தை இணைத்திருக்கிறேன்.

வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

கண்ணாடி, கோபுரம் இரண்டையும் நீங்களே கழித்துவிட்டீர்கள், நல்லது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் சேர். பொன். இராமநாதன் கட்டிய பரமேஸ்வரன் கோயில் இருக்கிறது. கோயில் கோயிலாகவே நிற்கிறது. பதிவாளர் கந்தோர் அந்த வேடம் போடத் தேவையில்லை.

இந்தக் கட்டடம் யாருக்கு? துணைவேந்தருக்கு என்று நினைத்துத்தான் பெரும்பாலும் வரைகிறார்கள். உங்கள் படத்திலும் அவருடைய அறைதான் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதை அதிகம் பாவிக்கப் போகிறவர்கள் வரிசையில் நிற்பவர்கள். பதிவுக்காக அம்பாறையிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ இரவு பஸ் ஏறி வந்த தாய் தகப்பன், மகாபொல புலமைப்பரிசில் விஷயமாக வந்த பிள்ளை, சான்றிதழ் எடுக்க அரைநாள் லீவு போட்டு வந்தவர். இவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது கண்ணாடியில் ஒரு அரைவட்ட ஓட்டை. குனிந்தால்தான் உள்ளே இருப்பவரின் முகம் தெரியும். நிற்க மூன்றடிச் சீமெந்துத் திட்டு, அதிலும் வெயில். படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினால் பேனை பாதியில் நின்றுவிடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மூதவை (செனட்) கட்டடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் கண்டிக் கூரையைப் படம் பிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது கீழே உள்ள திறந்த தூண் மண்டபம். அங்கே மழைக்கு ஒதுங்க யாரையும் கேட்க வேண்டாம். அந்தக் கூரையை வன்னிக்குக் கொண்டுவந்தால் நகல் என்பார்கள். கீழ்த்தளத்தைக் கொண்டுவாருங்கள், அது எங்கள் வீட்டு விறாந்தைதான். ருகுணுப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா செய்ததும் நல்ல பாடம், ஆனால் அது குன்றும் கடலும் உள்ள இடம். மட்டமான வன்னித் தரைக்கு அதிலிருந்து எடுக்கக் கொஞ்சம்தான் இருக்கிறது.

அப்புறம், உங்கள் படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியே இல்லையே! வன்னி ஏறக்குறைய வடக்கு அகலாங்கு 9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை மத்தியான வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். டிசம்பரில் தெற்கிலிருந்து, சுமார் 58 பாகை உயரத்தில். ஆகவே வடக்குச் சுவரில் வெயில் படாது என்ற ஐரோப்பியப் பாடம் இங்கே செல்லாது. ஆனாலும் இந்த இரு பக்கமும் மத்தியானச் சூரியன் உயரத்தில் நிற்பதால், ஐந்தடி உயர யன்னலுக்கு மேலே மூன்றேகால் அடி நீட்டினால் போதும். மேற்கில் அந்தக் கதை நடக்காது. நாலு மணி வெயில் சரிந்து நேரே மேசைக்கு வரும். நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி திருப்பி, மேற்கு முனையில் மாடிப்படியையும் கழிப்பறையையும் தள்ளிவிடுங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று புழுதியோடு வரும், வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று மழையோடு வரும். ஆறடி விறாந்தை கார்த்திகையில் பாதி நனைந்துவிடும். பத்தடி வைத்து, ஓரத்தில் உட்காரக் குந்து கட்டி, எழுத ஒரு பலகையும் போடுங்கள்.

இவ்வளவு கணக்கு எதற்கு, ஏசி போட்டால் சரி என்று உங்கள் ஆசிரியர் கேட்டால், 2022 மார்ச் கடைசியை நினைவுபடுத்துங்கள். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. திறக்க முடியாத கண்ணாடிக்குள் அன்று வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, முகப்பில் ஒன்பது படி போட்டிருக்கிறீர்கள். சாய்தளம் பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போரில் கால் இழந்த எத்தனையோ பேர் வாழும் மண்ணில் இதை எப்படிக் கீற மனம் வந்தது? கோபத்தில்தான் கேட்கிறேன். வெள்ளம் ஏறாத இடமாகப் பார்த்தால் இரண்டடி உயரம் போதும். ஓரடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் 24 அடிச் சாய்தளம் வரும். அதை முன்வாசலுக்கு நேரே கொண்டுவாருங்கள், பக்கத்தில் நாலு படி இருக்கட்டும். கைபிடியை இரும்பில் போட்டால் மத்தியானத்தில் தொட முடியாது. மரத்தில் போடுங்கள், விறாந்தைக் கூரையையும் அதன் மேலே நீட்டிவிடுங்கள்.