சாவுச் செலவுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது, கணவர் இல்லை. ஒரே மகன் துபாயில். அவன் வந்து அல்லாடக் கூடாது என்று, ஆம்புலன்ஸ், ஃப்ரீசர் பெட்டி, தகனம் எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒருவரிடம் மொத்தமாக 50,000 ரூபாய் கட்டிவிடலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம் அம்மா. நாளைக்கு அவர் கடையை மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பிரிட்டனில் இப்படி முன்பணம் வாங்கும் நிறுவனங்களை 2022 ஜூலையிலிருந்து அரசின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு கட்டுப்படுத்துகிறது, அங்கேயே அந்த அளவுக்குக் காவல் தேவைப்பட்டிருக்கிறது.

பணம் உங்கள் பேரிலேயே வங்கியில் இருக்கட்டும். ஆனால் நாமினி போட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் இறப்புச் சான்றிதழ் காட்டினால்தான் நாமினிக்குப் பணம் வரும், அதற்குள் காரியமே முடிந்திருக்கும். அதனால் பக்கத்தில் இருக்கும், நீங்கள் முழுசாக நம்பும் ஒருவரைச் சேர்த்து ‘எய்தர் ஆர் சர்வைவர்’ கணக்கு, அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் இறந்த பின் மற்றவரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். அவர் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடியும் என்பதால் இந்தச் செலவுக்கானதை மட்டும் அதில் போடுங்கள்.

அப்புறம், மகனுக்காகக் காத்திருக்க வேண்டுமா, அவனால் வர முடியாவிட்டால் கொள்ளி வைப்பது யார், எரிப்பதா புதைப்பதா, இதையெல்லாம் இப்போதே போனில் அவனிடம் பேசிவிடுங்கள், அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்தாலும் பேசுங்கள். உயிலில் எழுதிப் பயனில்லை, அதைப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். தனித்தாளில் எழுதி அந்த நம்பிக்கையானவரிடம் ஒன்று, மகனிடம் ஒன்று கொடுங்கள்.

எல்லையோரத்தில் இருப்பதால் இன்னொன்று: இறப்பு நடந்த ஊரில்தான் பதிவு செய்ய வேண்டும், 21 நாளுக்குள். கோவை ஆஸ்பத்திரி என்றால் தமிழ்நாட்டில், பாலக்காடு என்றால் கேரளத்தில். அதையும் அந்தத் தாளிலேயே எழுதி, ஆதார் நகலோடு வையுங்கள்.