ரேக்கா, மொடலரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்யாண வீடுகளில் கிற்றார் வாசிக்கிறேன். பழைய ரேக் இஃபெக்ட்ஸ் யூனிட் வாங்குவதா, மொடலரா? (கொட்டாஞ்சேனை)

பதில்: உங்கள் வேலைக்கு மொடலர். ரேக் யூனிட், அதாவது சட்டத்தில் பூட்டி வைக்கும் பெட்டி, டிலே, ரிவேர்ப், கோரஸ் மாதிரி சத்தத்தை மாற்றும் இஃபெக்டுகளைத்தான் தரும், கிற்றார் சத்தத்தைப் பெரிதாக்கும் அம்பைத் தனியாகத் தூக்கவேண்டும். மொடலர் அம்பையும் இஃபெக்டுகளையும் டிஜிட்டலில் போலச் செய்கிற பெட்டி, அதற்குள் அம்பின் சத்தமும் இருக்கிறது, நேரே மிக்சரில் கொடுத்து வாசித்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வரலாம். வீட்டில் ஒலிப்பதிவு செய்பவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். லெக்சிகன் பிசிஎம் 70 என்ற ரேக் யூனிட் வந்தது 1985இல், அதன் ரிவேர்பை இன்றைக்கும் தேடித் திரிகிறார்கள்.

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த யமஹா எஸ்பிஎக்ஸ்90 ரேக் யூனிட் வாங்கினேன். 13 அம்பியர் பிளக் பூட்டித்தான் தந்தார்கள். போட்டதும் புகை. கடைக்காரர் "போட்டது நீங்கள்தானே" என்கிறார். (தெஹிவளை)

பதில்: பிழை உங்களுடையது இல்லை. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. அந்த ஊர்ச் சாமானை அப்படியே இங்கே சொருகினால் ட்ரான்ஸ்ஃபோமர் எரியும். கடைக்காரருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பமாட்டேன், தட்டைக் கால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம்மூர்ப் பிளக்கைப் பூட்டியவர்கள் அவர்கள்தானே, அதைப் பார்க்கிற எவரும் இங்கத்தைய கரண்டுக்குச் சரி என்றுதான் நினைப்பார். பல வருடங்களுக்கு முன் எனக்கும் இதே நடந்தது, மாதக்கணக்காகச் சேர்த்த காசில் வாங்கிய ரேக் டிலே ஒரே நிமிடத்தில் போனது. பற்றுச்சீட்டு வாங்காததால் ஒன்றும் கேட்க முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்களிடம் பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், வாங்கி 3 மாதத்துக்குள். முதலில் அவர்களுடைய 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். யூனிட்டை எறியாதீர்கள், சேதம் ட்ரான்ஸ்ஃபோமரோடு நின்றிருக்கலாம், நல்ல திருத்துநரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: காசு கொடுக்க முன் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். 100 வோல்ட் என்று போட்டிருந்தால், 230ஐ 100ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: முகநூலில் ஒருவர் கெம்பர் மொடலரைப் பாதி விலைக்குத் தருகிறாராம், முற்பணம் கேட்கிறார். (வத்தளை)

பதில்: போடாதீர்கள்.

கேள்வி: லைன் 6 ஹீலிக்ஸ் மொடலர் வாங்கினேன். என் அம்பில் சத்தம் மூச்சடைத்த மாதிரி இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (வெள்ளவத்தை)

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. இவ்வளவு காசு கொடுத்தவர் கையேட்டில் நாலு பக்கமாவது படித்திருக்க வேண்டும். மொடலர் ஏற்கெனவே அம்பாகவும் ஸ்பீக்கர் பெட்டியாகவும் வேலை செய்கிறது, அதை இன்னோர் அம்பின் முன்பக்கத்தில் விட்டால் அம்புக்கு மேல் அம்ப். அம்பின் பின்னால் ரிட்டர்ன் என்ற துளை இருந்தால் அதில் சொருகி, மொடலரில் ஸ்பீக்கர் பெட்டியாக வேலை செய்யும் கேப் பிளொக்கை நிறுத்துங்கள். இல்லையென்றால் அம்ப் பிளொக்கையும் நிறுத்திவிட்டு இஃபெக்டுகளை மட்டும் பாவியுங்கள்.

கேள்வி: ரேக்கில் சேமித்த செட்டிங்குகள் ஓஃப் செய்ததும் அழிகின்றன. வேறு வாங்கவா? (மட்டக்குளி)

பதில்: வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பற்றரி முடிந்திருக்கும். பல யூனிட்டுகளில் அதை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், நீங்களே கிண்டாமல் திருத்துநரிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு செட்டிங்குகளை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.